லென் டெய்ட்டனின் தொடக்ககால இதழ்ப் பணிகளும் அவற்றின் சேகரிப்பும்

லென் டெய்ட்டன் (லியோனார்ட் சிரில் டெய்ட்டன், பிறப்பு: பிப்ரவரி 18, 1929) இங்கிலாந்தைச் சேர்ந்த உளவு நாவலாசிரியர், ஓவியர், சமையல் நூலாசிரியர், போர் வரலாற்றாசிரியர். 1962ல் வெளிவந்த 'தி இப்கிரஸ் ஃபைல்' என்ற முதல் நாவலால் உலகப் புகழ் பெற்றார். அதற்கு முன்பே ஓவியராக அவரது படைப்புகள் அச்சில் வந்துகொண்டிருந்தன. கல்லூரி இதழ், நாளிதழ், வார இதழ், நூல் மேலட்டை எனப் பல இடங்களில் வெளியான அந்தப் பணிகள் ஒரே இடத்தில் தொகுக்கப்படவில்லை. வாசித்ததும் எறியப்படும் தாள்களில் வந்தவை என்பதால் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியவற்றைக் கண்டுபிடித்து, அடையாளம் கண்டு, பாதுகாப்பதே டெய்ட்டன் சேகரிப்பின் கடினமான பகுதி.

இளமையும் ஓவியக் கல்வியும்

டெய்ட்டன் லண்டனின் மேரிலபோன் பகுதியில் பிறந்தார். அவர் தந்தை காம்ப்பெல் டாட்ஜ்சன் என்பவரின் கார் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தார். டாட்ஜ்சன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அச்சோவியங்கள், வரைபடங்கள் பிரிவின் காப்பாளர். தாய் பகுதிநேரச் சமையல்காரர். தாய் சமைத்துக்கொடுத்த வீடுகளில் ஒன்று அன்னா வோல்கோஃப் என்ற ரஷ்ய வம்சாவளிப் பெண்ணுடையது. 1940ல் அவர் நாஜி உளவாளி என்று கைதுசெய்யப்பட்டதை 11 வயதுச் சிறுவனாக டெய்ட்டன் பார்த்தார். தான் உளவுக்கதை எழுத வந்ததற்கு அந்நிகழ்ச்சி ஒரு முக்கியக் காரணம் என்று பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார்.

கட்டாய ராணுவப் பணிக்காலத்தில் டெய்ட்டன் அரச விமானப்படையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவில் புகைப்படக்காரராக இருந்தார். பணி முடிந்ததும் 1949ல் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1952ல் உதவித்தொகையுடன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் கல்லூரிக்குச் சென்று 1955ல் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்தில் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலின் சமையலறையில் உதவியாளராகவும் வேலை செய்தார். பின்னர் சிறிது காலம் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் பணிப்பெண்களோடு சேர்ந்து பயணிகளைக் கவனிக்கும் ஊழியராக இருந்தார். அதன்பின் நியூயார்க்கிலும் லண்டனிலும் ஓவியராகத் தொழில் செய்தார். லண்டன் விளம்பர நிறுவனம் ஒன்றில் கலை இயக்குநராகவும் இருந்தார்.

புகைப்படம், ஓவியம், சமையல், விளம்பரம் என்ற இந்த வரிசை அவருடைய இதழ்ப் பணிகளைப் புரிந்துகொள்ள உதவும். சேகரிப்பாளர்கள் தேடும் தாள்கள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றோடு தொடர்புடையவை.

தொடக்ககாலப் பணிகள்

ஆர்க் இதழ்

ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் மாணவர்கள் 1950 முதல் 1978 வரை 'ஆர்க்' என்ற இதழை நடத்தினர். எழுத்து, வடிவமைப்பு, அச்சு மேற்பார்வை எல்லாம் மாணவர் பொறுப்பு. கலை ஆசிரியர்கள் அடிக்கடி மாறியதால் ஒவ்வொரு இதழும் வேறுபட்ட தோற்றம் கொண்டிருந்தது. பிற்காலத்தில் பிரிட்டனின் முன்னணி வடிவமைப்பாளர்களாக அறியப்பட்ட பலர் இவ்விதழில் பழகியவர்கள். டெய்ட்டனும் மாணவராக இவ்விதழில் பங்கேற்றார். அவருடைய நெடுநாள் நண்பரும் பிற்கால அட்டை வடிவமைப்பாளருமான ரேமண்ட் ஹாக்கியும் அதே கல்லூரியில் படித்தவர்.

எட்வர்ட் மில்வார்ட்-ஆலிவர் 1985ல் வெளியிட்ட டெய்ட்டன் நூற்பட்டியல் 1954 முதல் 1985 வரையிலான காலத்தை உள்ளடக்கியது. முதல் நாவலுக்கு 8 ஆண்டுகள் முன்பிருந்தே அப்பட்டியல் தொடங்குகிறது. டெய்ட்டனை 1962லிருந்து மட்டும் சேகரிப்பவர் அவருடைய அச்சு வாழ்க்கையின் முதல் பகுதியைத் தவறவிடுகிறார்.

நூல் மேலட்டைகள்

இதழ்ப் பணிகளுடன் சேர்த்தே தேடப்படுபவை அவர் வரைந்த நூல் அட்டைகள். ஜாக் கெரூவாக்கின் 'ஆன் தி ரோடு' நாவலின் முதல் பிரிட்டிஷ் பதிப்பை 1958ல் ஆந்த்ரே டாய்ச் நிறுவனம் வெளியிட்டது. அதன் மேலட்டையை வரைந்தவர் டெய்ட்டன். அந்நூலைக் கெரூவாக் சேகரிப்பாளர்களும் தேடுவதால் போட்டி அதிகம். கடின அட்டைக்கு மேல் போர்த்தப்படும் தாளுறையில்தான் ஓவியம் உள்ளது. தாளுறை இல்லாத பிரதி கெரூவாக் வாசகருக்குப் பயன்படலாம். டெய்ட்டன் சேகரிப்பாளருக்கு அதில் ஒன்றும் இல்லை.

குக்ஸ்டிரிப் சமையல் சித்திரங்கள்

டெய்ட்டன் விலையுயர்ந்த சமையல் நூல்களை அடுப்படிக்குக் கொண்டுசென்று கறைபடுத்த விரும்பவில்லை. ஆகவே செய்முறைகளைத் தாளில் படங்களாக வரைந்து சுவரில் குத்திவைத்துச் சமைத்தார். அவற்றைப் பார்த்த ஹாக்கி, பத்திரிகையில் வெளியிடலாம் என்று ஊக்கப்படுத்தினார். இவ்வாறு உருவானதே குக்ஸ்டிரிப் என்ற சமையல் சித்திரத் தொடர். முதலில் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் இடம்பெற்றது. பின்னர் 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் 1962 மார்ச் முதல் 1966 ஆகஸ்ட் வரை வந்தது.

ஒவ்வொரு சித்திரமும் ஓர் உணவையோ ஒரு சமையல் முறையையோ விளக்கும். தடித்த கறுப்புக் கோடுகள், கட்டங்கள், அம்புக்குறிகள், சுருக்கமான அளவுக் குறிப்புகள் ஆகியவை இதன் அடையாளங்கள். அலங்காரம் குறைவு. கத்தி, வாணலி, முட்டை, பூண்டுப்பல் ஆகியவை பொறியியல் வரைபடம் போலத் தெளிவாக இருக்கும்.

இவற்றிலிருந்து 1965ல் 'ஆக்‌ஷன் குக் புக்', 'ஊ எ லெ கார்லிக்' என்ற இரு நூல்கள் உருவாயின. 1965ல் வெளியான 'தி இப்கிரஸ் ஃபைல்' திரைப்படத்தில் நாயகன் ஹாரி பால்மரின் சமையலறைச் சுவரில் இந்தச் சித்திரங்கள் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். நடிகர் மைக்கேல் கெய்ன் ஒற்றைக் கையால் முட்டை உடைக்கும் காட்சியில் அண்மைக் காட்சியில் தெரிவது டெய்ட்டனின் கை.

பிற இதழ்கள்

'டவுன்' இதழின் சார்பில் 1964ல் வெளிவந்த 'டிரிங்க்ஸ்மேன்ஷிப்' என்ற மது வகைகள் பற்றிய தொகுப்புக்கு டெய்ட்டன் ஆசிரியர். அமெரிக்காவின் 'பிளேபாய்' இதழில் பயண ஆசிரியராகவும் இருந்தார். 'ஆன் எக்ஸ்பென்சிவ் பிளேஸ் டு டை' நாவல் நூலாக வரும் முன் அவ்விதழில் தொடராக வெளிவந்தது. 1967ல் வந்த அந்நாவலின் பிரிட்டிஷ் முதல் பதிப்புடன் ரகசிய ஆவணங்கள் போல அச்சிட்ட தாள்கள் அடங்கிய ஓர் உறை இணைக்கப்பட்டிருந்தது. நூல் தப்பிப் பிழைத்தாலும் உறை தொலைந்துபோவது வழக்கம். உறையுடன் கூடிய பிரதியே முழுமையானது என்று சேகரிப்பாளர்கள் கருதுகின்றனர்.

அரிதாக இருப்பதற்கான காரணங்கள்

முதல் பதிப்பு நாவலை வாங்கியவர் அதை அலமாரியில் வைத்தார். ஞாயிறு இதழை வாங்கியவர் திங்கட்கிழமை அதைப் பழைய தாளாகப் போட்டார். எத்தனை பிரதிகள் அச்சாயின என்பது எத்தனை எஞ்சின என்பதைத் தீர்மானிப்பதில்லை. 'அப்சர்வர்' லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் குறிப்பிட்ட ஒரு ஞாயிற்றின் முழுப் பிரதி கிடைப்பது கடினம். 'ஆர்க்' குறைந்த அளவே அச்சானது. ஓவியர்களும் கல்லூரி நூலகங்களும் அதை வைத்துக்கொண்டதால் பெரும்பாலும் நல்ல நிலையில் கிடைக்கிறது.

குக்ஸ்டிரிப் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அது பயன்படுத்துவதற்காக வரையப்பட்டது. வாசகர்கள் அதை வெட்டி எடுத்துச் சமையலறையில் ஒட்டினர். எண்ணெயும் நீராவியும் பட்டு அவை அழிந்தன. எஞ்சிய வெட்டுத்தாள்களில் நாள், பக்க எண் இருப்பதில்லை.

மூல ஓவியங்களின் நிலையும் இதுவே. அந்தக் காலத்தில் அச்சுக்கு அனுப்பிய ஓவியத்தைத் திருப்பிப் பெறும் வழக்கம் எல்லா இடங்களிலும் இல்லை. அச்சு முடிந்ததும் பல ஓவியங்கள் குப்பைக்குப் போயின. ஆகவே பல படங்களுக்கு அச்சான பக்கமே இன்று மிஞ்சியிருக்கும் மூலம்.

1950களின் இறுதி பிரிட்டிஷ் படவிதழ்களுக்கும் மோசமான காலம். தொலைக்காட்சியின் பரவலால் விளம்பர வருவாய் குறைந்தது. 'பிக்சர் போஸ்ட்' 1957ல் நின்றது. 'லில்லிபுட்' 1960ல் தனி இதழாக வருவது முடிந்தது. ஓவியங்களின் இடத்தைப் புகைப்படங்கள் பிடித்தன. ஓர் இதழ் மூடப்பட்டால் அதன் கோப்புகளும் படங்களும் சிதறிப்போவது இயல்பு. டெய்ட்டன் தொழிலில் நுழைந்தது இப்படிப்பட்ட நேரத்தில்.

அடையாளம் காணுதல்

ஓர் ஓவியம் டெய்ட்டனுடையது என்று சொல்ல நான்கு வகைச் சான்றுகள் பயன்படுகின்றன.

1. ஓவியத்துக்குள் உள்ள கையொப்பம்.
2. கட்டுரை அல்லது கதைத் தலைப்பின் அருகிலோ பக்க ஓரத்திலோ அச்சான ஓவியர் பெயர்.
3. இதழின் உள்ளடக்கப் பக்கம் அல்லது ஆசிரியர் குழுப் பட்டியல்.
4. நூலாக இருந்தால் மேலட்டையின் உள்மடிப்பிலோ பின்புறத்திலோ உள்ள குறிப்பு.

பக்கத்தைத் தனியாகக் கிழித்தெடுக்கும்போது மூன்றாவது சான்று முழுமையாகப் போய்விடுகிறது. ஓரத்தை ஒட்ட வெட்டினால் இரண்டாவதும் போகும். பக்க அளவுக்காகப் படத்தின் விளிம்பை அச்சகத்திலேயே நறுக்கியிருந்தால் முதலாவதும் இருக்காது.

கோட்டின் பாணியை மட்டும் வைத்து முடிவு செய்வது ஆபத்தானது. 1950களில் அமெரிக்க ஓவியர் பென் ஷானின் தடைபட்டு நெளியும் கோட்டை அட்லாண்டிக்கின் இருபுறமும் பல இளம் ஓவியர்கள் பின்பற்றினர். ஒரே கல்லூரியில், ஒரே ஆசிரியர்களிடம் பயின்றவர்களின் மைக்கோடுகள் ஒன்றுபோலவே தோன்றும். கையொப்பம் இல்லாத ஒரு படத்தை விற்பவர் டெய்ட்டனுடையது என்று சொன்னால் எந்த இதழ், எந்த நாள், பெயர் எங்கே அச்சாகியுள்ளது என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் 'டெய்ட்டனுடையதாக இருக்கலாம்' என்று மட்டுமே பதிவு செய்ய வேண்டும். தவறாகச் சேர்க்கப்பட்ட ஒரு படம் பட்டியலிலிருந்து பட்டியலுக்குப் பரவும்; பிறகு அதை நீக்குவது கடினம். அதை உண்மையில் வரைந்த ஓவியரின் பெயரும் அத்துடன் மறையும்.

நாள் சரிபார்ப்பு

குக்ஸ்டிரிப் தாள்களுக்கு எளிய சோதனைகள் உள்ளன. 'அப்சர்வர்' ஞாயிறுதோறும் வருவது. விற்பவர் தரும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இல்லையென்றால் நாளோ இதழின் பெயரோ தவறு. வெட்டுத்தாளின் பின்பக்கமும் உதவும். அங்குள்ள விளையாட்டு முடிவு, திரைப்பட விளம்பரம், வானிலைச் செய்தி ஆகியவற்றைக் கொண்டு வாரத்தைக் கண்டுபிடிக்கலாம். இதனால் வெட்டுத்தாளை அட்டையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் பின்பக்கச் சான்று மறைந்துவிடும்.

நூலும் இதழும்

தொகுப்பு நூல் இருக்கும்போது பழைய தாள் எதற்கு என்ற கேள்வி எழலாம். இரு நூல்களும் 1965ல் வந்தவை. தொடர் 1966 ஆகஸ்ட் வரை நீடித்தது. நூல்கள் அச்சுக்குப் போன பிறகு வரையப்பட்ட சித்திரங்கள் அவற்றில் இடம்பெற வழியில்லை. மேலும் நூலில் வரும்போது அளவு, வரிசை, பக்க அமைப்பு ஆகியவை மாறும். ஒரு சித்திரம் எந்த வாரம், எந்தச் செய்திக்கு அருகில், எவ்வளவு இடத்தில் வந்தது என்பதை இதழ் மட்டுமே காட்டும்.

மூல ஓவியமும் அச்சுப்படியும்

அச்சுக்கான கோட்டோவியங்களைப் பெரிதாக வரைந்து, புகைப்பட முறையில் சிறிதாக்கி அச்சிடுவது வழக்கம். ஆகவே மூல ஓவியம் அச்சான படத்தைவிடப் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். பிழைகளை மறைத்த வெள்ளை மை, ஓரத்தில் அளவுக் குறிப்புகள், அச்சகக் கேமராவில் பதியாத வெளிர் நீலப் பென்சில் கோடுகள் ஆகியவற்றைக் காணலாம். மை தாளின் மேல் சற்றே பளபளக்கும். இவை எதுவும் இல்லாமல் அச்சுப்படத்தின் அதே அளவில் இருக்கும் 'மூல ஓவியத்தை' ஐயத்துடன் பார்க்க வேண்டும். உருப்பெருக்கியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படி.

பக்கங்களைப் பிரித்து விற்றல்

இத்துறையில் நீடிக்கும் சிக்கல் முழு இதழ்களைப் பிரித்து விற்பது. பழைய இதழ் ஒன்றில் பல ஓவியர்களின் படங்களும் விளம்பரங்களும் இருக்கும். முழு இதழாக விற்பதைவிட, பக்கங்களைத் தனித்தனியே சட்டமிட்டு விற்றால் அதிகப் பணம் கிடைக்கலாம். ஒவ்வொரு பக்கமும் பிழைக்கிறது என்று இதற்கு நியாயம் சொல்லப்படுவதுண்டு. ஆனால் எந்தப் படம் எந்த எழுத்துடன் வந்தது, யார் பெயர் எங்கே இருந்தது, அட்டை எப்படி இருந்தது என்ற தொடர்பு அறுந்துவிடுகிறது. ஏற்கெனவே அரிதான இதழில் ஒரு பிரதி குறைகிறது.

வாங்குபவருக்கும் இதில் பங்குண்டு. தனிப்பக்கங்களுக்கு விலை கொடுப்பவர் இருக்கும்வரை இதழ்கள் பிரிக்கப்படும். முழு இதழ் கிடைக்கும் வாய்ப்புள்ள இடத்தில் தனிப்பக்கத்தைத் தவிர்ப்பதும், தனிப்பக்கம் மட்டுமே கிடைத்தால் அதன் மூல இதழை நூலகப் பிரதியுடன் ஒப்பிட்டு விவரத்தை எழுதிவைப்பதும் பொறுப்பான வழி. பிரிட்டனில் சட்டப்படி நூலகங்களுக்கு வெளியீட்டுப் பிரதி அளிக்கும் முறை இருப்பதால் பிரிட்டிஷ் நூலகத்தில் நாளிதழ்களின் பெருந்தொகுப்பு உள்ளது. நாளிதழ்கள் பல கறுப்பு வெள்ளை நுண்படச் சுருளாகவே வாசகருக்குத் தரப்படுகின்றன. கோட்டோவியத்தின் உள்ளடக்கத்தை அறிய அது போதும். தாள், மை, உண்மை அளவு ஆகியவற்றை அறிய முடியாது.

பாதுகாக்கும் முறை

செய்தித்தாள் மரக்கூழிலிருந்து தயாராவது. அதிலுள்ள லிக்னின் ஒளியாலும் காற்றாலும் மாறுதலடைந்து தாளை மஞ்சளாக்கும். அமிலம் தாளை நொறுங்கச் செய்யும். இதை முழுமையாக நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம்.

- தாளை மடிக்காமல் தட்டையாக வைக்க வேண்டும். பழைய மடிப்பில்தான் தாள் முதலில் உடையும்.
- அமிலமற்ற அட்டையைத் தாங்கலாக வைத்து, பாலியெஸ்டர் உறையில் இட வேண்டும். பி.வி.சி. உறை மையை ஒட்டிக்கொள்ளும்.
- செல்லோ டேப் ஒட்டக் கூடாது. அதன் பசை பழுப்புக் கறையாக ஊறும்.
- லேமினேட் செய்வது திரும்பப் பெற முடியாத சேதம்.
- வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. சட்டமிட விரும்பினால் நகலை மாட்டி மூலத்தை இருட்டில் வைக்கலாம்.
- இதழின் கம்பித் தையல் துருப்பிடித்திருந்தால் இழுக்காமல் தாள் பாதுகாப்பு அறிந்தவரிடம் காட்ட வேண்டும்.
- ஈரமும் வெப்பமும் மாறிமாறி வரும் பரண், அடித்தள அறை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஒவ்வொரு தாளுக்கும் தனிக் குறிப்பு எழுதுவது அவசியம். இதழின் பெயர், தொகுதி, எண், நாள், பக்கம், படத்தின் அளவு, கையொப்பம் உள்ளதா, பெயர் எங்கே அச்சாகியுள்ளது, தாளின் நிலை, கிடைத்த வழி ஆகியவை அதில் இருக்க வேண்டும். குறிப்பைத் தனித் தாளில் எழுதி உறையில் வைக்க வேண்டும். சேகரித்தவர் மறைந்தபின் அவர் வீட்டார் அந்த மஞ்சள் தாள்களை எடைக்குப் போடாமல் தடுப்பது பெரும்பாலும் இக்குறிப்புதான்.

தாளை வாங்கியவருக்கு ஓவியத்தின் பதிப்புரிமை கிடைப்பதில்லை. பிரிட்டனில் படைப்பாளியின் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். படத்தை மறுபடி அச்சிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். இதழ் விவரங்களைப் பட்டியலிட்டு வெளியிடுவதற்கு அத்தகைய தடை இல்லை.

இலக்கிய முக்கியத்துவம்

டெய்ட்டனின் உளவு நாவல்கள் பொருட்களைக் கூர்ந்து பார்ப்பவை. அலுவலகத் தாள், ரசீது, காபி வடிக்கும் முறை, கருவியின் பெயர் ஆகியவற்றின் வழியாகப் பாத்திரங்கள் தெரிய வருகின்றன. 'தி இப்கிரஸ் ஃபைல்' அடிக்குறிப்புகளும் பின்னிணைப்புகளும் கொண்டு ஒரு கோப்பு போல அமைக்கப்பட்டது. அதன் மேலட்டையை ஹாக்கி வடிவமைத்தார். வெள்ளைப் பின்னணியில் ஒரு துப்பாக்கி, ஒரு காபிக் கோப்பை, சில காகிதக் கவ்விகள் கொண்ட புகைப்படம் அது. உளவு நாவல் அட்டைகளின் போக்கையே அது மாற்றியதாகக் கருதப்படுகிறது.

சம்பவ இடத்தைப் படமெடுத்த இளைஞர், வெங்காயம் நறுக்குவதை எட்டுக் கோடுகளில் விளக்கிய ஓவியர், உளவு அலுவலகத்தின் மேசையை விவரித்த நாவலாசிரியர் ஆகிய மூவரும் ஒருவரே என்பதை நாவல்களை மட்டும் வாசித்து ஊகிக்கலாம். உறுதிசெய்ய இதழ்த் தாள்கள் வேண்டும். 1962 மார்ச்சில் 'அப்சர்வர்' தொடர் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் நாவல் வந்தது. நாவல் வெளியானபோது லண்டன் வாசகர் பலருக்கு அவர் சமையல் சித்திரம் வரைபவராக அறிமுகமாகியிருந்தார். அந்த வாசகர்கள் பார்த்த பக்கம் இன்று சில அலமாரிகளிலும் நூலக அடுக்குகளிலும் மட்டுமே உள்ளது. அதன் நாளும் பக்க எண்ணும் எழுதப்பட்டிருந்தால் அடுத்து ஆராய்பவர் அங்கிருந்து தொடங்க முடியும்.